வாய்க்காலுக்கு மேற்கே: புதுச்சேரித் தமிழர் பகுதியின் பழைய வீட்டை என்ன செய்வது?

பாகூர் செல்வன் கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். புதுச்சேரியில், பிரெஞ்சுக்காரர் பகுதியையும் தமிழர் பகுதியையும் பிரிக்கும் பெரிய வாய்க்காலுக்கு மேற்கே, ஈஸ்வரன் தர்மராஜா கோயில் வீதியை ஒட்டிய ஒரு தெருவில் எங்கள் பாட்டனார் வீடு இருக்கிறது. தெருவோரம் மரத்தூண்கள் தாங்கும் ஓட்டுத் தாழ்வாரம், அதை அடுத்துத் திண்ணை, நிலையைத் தாண்டினால் முற்றம் என்று கீழ்த்தளம் முழுவதும் நம் ஊர் வீடாகவே இருக்கும். மாடி மட்டும் வளைவு வைத்த சன்னல்களும் சுண்ணாம்புக் கைப்பிடிச் சுவருமாகப் பிரெஞ்சுக்காரர் வீட்டை ஒத்திருக்கும். அப்பாவின் தலைமுறையில் பாகப்பிரிவினை நடக்கவில்லை. இப்போது பங்காளிகளில் சிலர் சென்னையிலும், சித்தப்பா குடும்பம் பிரான்சிலும் இருக்கின்றனர். இடித்துவிட்டு அடுக்குமாடி கட்டித் தருவதாக ஒரு கட்டுமானக்காரர் வந்து பேசிவிட்டுப் போனதிலிருந்து குடும்பம் இரண்டு கட்சியாக நிற்கிறது.

கடற்கரைப் பக்கத்தில் மஞ்சளும் வெள்ளையும் பூசிய கட்டடங்கள் அவ்வளவு நேர்த்தியாகப் பேணப்படும்போது, வாய்க்காலைத் தாண்டிய உடனே வீடுகள் ஏன் ஒவ்வொன்றாக மறைந்துபோகின்றன? வைசியாள் வீதியில் ஒரு மீட்புப் பணி நடந்ததாகச் சொல்கிறார்களே, அதில் உண்மையில் என்ன செய்தார்கள்? அதிலிருந்து எங்களைப் போன்றவர்கள் எடுத்துக்கொள்ளக் கூடியது ஏதேனும் உண்டா? உணர்ச்சிகரமான பதில்கள் வீட்டிலேயே போதுமான அளவு கிடைக்கின்றன. விவரம் தெரிந்தவர்கள் எழுதினால் நன்றியுடையவனாக இருப்பேன்.


முத்தியால்பேட்டையான் எழுதுகிறார்:

செல்வன் அவர்களுக்கு,

உங்கள் முதல் கேள்விக்கு விடை சொல்ல ஊரின் தொடக்கத்துக்கே போக வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். 1674-இல் பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் அதிகாரி பிரான்சுவா மர்த்தேன் இங்கே வந்து நிலைகொண்டதற்குக் காரணம் துணி. சுற்றுவட்டாரத்து நெசவாளர்களையும், அந்தத் துணியைத் திரட்டிக் கொடுத்த தமிழ் வணிகர்களையும் நம்பித்தான் பிரெஞ்சுக் கம்பெனியே இங்கு நடந்தது. 1693-இல் டச்சுக்காரர்கள் ஊரைப் பிடித்து 1699 வரை வைத்திருந்தார்கள். நேரான தெருக்கள் ஒன்றையொன்று செங்குத்தாக வெட்டிச் செல்லும் இந்த அமைப்பை வரைபடத்தில் முதலில் போட்டவர்கள் அவர்களே. பிரெஞ்சு நகரமைப்பின் அழகைப் பாருங்கள் என்று வழிகாட்டிகள் சொல்லும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும். மேற்குப் பகுதியில் தொழிலையும் சாதியையும் ஒட்டித் தெருக்கள் பிரிந்தன. செட்டித் தெரு, வெள்ளாளர் வீதி, வைசியாள் வீதி ஆகிய பெயர்களில் அது இன்றும் தெரிகிறது. வடக்கே இந்துக்கள், மிஷன் வீதியைச் சுற்றிக் கிறித்தவர்கள், தெற்கே காஜியார் வீதிப் பக்கம் முஸ்லிம்கள் என்ற குடியிருப்பு முறையும் பெருமளவு மாறவில்லை.

இந்த ஊர் அமைதியாக வளர்ந்த ஊரன்று என்பதையும் சொல்ல வேண்டும். 1748-இல் ஆங்கிலேயர் முற்றுகையிட்டிருந்த நாட்களில் சம்பா கோயில் என்னும் கிறித்தவ தேவாலயத்துக்குப் பக்கத்தில் இருந்த வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்டது. அது எப்படி நடந்தது என்பதை, பிரெஞ்சு ஆளுநரின் துபாசியாக (மொழிபெயர்ப்பாளராக) இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் மனம் நொந்து எழுதிவைத்திருக்கிறார். இப்போது நாம் வழிபடும் கோயில் பின்னாளில் வேறிடத்தில், உங்கள் வீட்டுக்கு அருகிலேயே எழுப்பப்பட்டது. 1761-இல் நகரம் ஆங்கிலேயரிடம் வீழ்ந்தபோது கோட்டையும் ஐரோப்பியர் குடியிருப்பும் தரைமட்டமாக்கப்பட்டன. 1763-ஆம் ஆண்டு உடன்படிக்கையால் ஊர் பிரெஞ்சுக்காரருக்குத் திரும்பி, 1765 முதல் பழைய தெருக்களின் மேலேயே மறுபடியும் கட்டப்பட்டது. அந்த அழிவில் தப்பிய மிகச் சிலவற்றுள் ரங்கப்பிள்ளை வீதியில் உள்ள பிள்ளையவர்களின் மாளிகையும் ஒன்று. கீழே மரத்தூண்களும் முற்றமும், மேலே ஐரோப்பிய முறையில் காரைத் தூண்கள் நிறுத்திய மாடியுமாக இருக்கும் அந்த மாளிகையை ஒருமுறை போய்ப் பாருங்கள். உங்கள் பாட்டனார் வீட்டின் குலமுறை புரியும். துபாசிகளும் வணிகர்களும் ஐரோப்பியரோடு பழகியதன் சுவடு மாடியில் தெரிகிறது, அடுக்களையும் பூசையும் பந்தியும் நடந்த கீழ்த்தளத்தை அவர்கள் மாற்ற விரும்பவில்லை.

இனி, கிழக்கு ஏன் பிழைத்தது என்பதற்கு வருகிறேன். பண்பாட்டுப் பெருமை அங்கே அதிகம் என்று சிலர் சொல்வதை நான் ஏற்கவில்லை. அங்கே உடைமை யாரிடம் இருக்கிறது என்று பாருங்கள். அரவிந்தர் ஆசிரமத்தின் கட்டடங்களே ஏராளம்; அடுத்து பிரெஞ்சுத் துணைத் தூதரகம், 1955-இல் தொடங்கிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரெஞ்சுப் பள்ளி, அரசு அலுவலகங்கள். ஒரு கட்டடத்துக்கு ஒரு நிர்வாகம், அதற்கு ஆண்டுதோறும் ஒரு பராமரிப்புத் தொகை. சுவரில் விரிசல் கண்டால் கையெழுத்துப் போட ஒருவர் போதும். மேற்கே எல்லாமே குடும்பச் சொத்து. ஒரு தலைமுறையில் மூன்று பங்கு என்றால் அடுத்த தலைமுறையில் ஒன்பது. 1962-இல் ஆட்சி சட்டப்படி இந்தியாவுக்கு மாறியபோது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்ட குடும்பங்களில் வாரிசுகள் கடல் கடந்தும் இருக்கிறார்கள். ஓடு மாற்றுவதற்கே ஒன்பது பேர் சம்மதம் வேண்டும் என்றால் யாரும் மாற்ற மாட்டார்கள். ஒழுகிய இடத்தில் உத்திரம் உளுத்துப்போகும், பிறகு இடிப்பதைத் தவிர வழியில்லை என்று எல்லாரும் ஒருமனதாகச் சொல்வார்கள். நான் பார்த்த வீடுகளில் பெரும்பாலானவை இப்படித்தான் போயின.


காரைச்சாந்து எழுதுகிறார்:

ஐயா வரலாற்றைச் சொல்லிவிட்டார். நான் வேலையைப் பற்றி மட்டும் சொல்கிறேன். பழைய கட்டடங்களைச் செப்பனிடும் பணியில் மேற்பார்வையாளனாக இருப்பவன் நான்.

வைசியாள் வீதிப் பணி 2002 முதல் 2004 வரை, ஐரோப்பிய, ஆசிய நகரங்களை இணைத்த ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆசியா அர்ப்ஸ் திட்ட நிதியில் நடந்தது. இத்தாலியின் உர்பினோவும் பிரான்சின் வில்னேவ்-சுர்-லோவும் புதுச்சேரியோடு கூட்டாளி நகரங்களாக இருந்தன. களப்பணியை, மரபுச் சின்னங்களைப் பேணும் இன்டாக் அமைப்பு பார்த்துக்கொண்டது. ஒரு மாளிகையை மட்டும் தேர்ந்தெடுத்து மெருகேற்றாமல், தெருவின் ஒரு பகுதியில் இருபக்கமும் உள்ள வீடுகளின் முகப்புகளைத் தொடர்ச்சியாக எடுத்துக்கொண்டதுதான் அதன் தனித்தன்மை. செலவில் ஒரு பங்கை வீட்டுக்காரரும் ஏற்றார். அந்த வேலைக்காகவே 2008-இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் மரபுரிமை விருது கிடைத்தது.

அங்கே நடந்து பார்த்தால் ஒன்று கண்ணில் படும். ஒரு வீட்டின் தாழ்வாரம் முடியும் இடத்தில் அடுத்த வீட்டின் தாழ்வாரம் அதே உயரத்தில், அதே சரிவில் தொடங்கும். வெயிலிலும் மழையிலும் தெருவில் போகிறவன் ஒதுங்கி நடக்கக் கட்டிய நிழல் அது. நடுவில் ஒரு வீடு இடிந்து, அங்கே இரும்பு ஷட்டர் போட்ட கடை வந்துவிட்டால் அந்த நிழல் அறுந்துபோகும். அதற்கு மேல் பக்கத்து வீட்டுக்காரருக்கும் தம் தாழ்வாரம் இடைஞ்சலாகத்தான் தோன்றும், தூணைப் பிடுங்கிவிட்டு வண்டியை நிறுத்துவார். அதனால் உங்கள் வீட்டை மட்டும் கணக்குப் போடாமல், இரண்டு பக்கமும் உள்ள வீட்டுக்காரர்களோடு முதலில் பேசுங்கள், தம்பி.

வீட்டின் நிலையைப் பார்க்கும்போது சுவரைவிட மாடித் தளத்தைக் கவனியுங்கள். அந்தக் காலத்து வீடுகளில் அது மெட்ராஸ் தளமாக இருக்கும்: தேக்கு உத்திரங்களின் மேல் மெல்லிய செங்கல்லைக் குத்துக்கல்லாகச் சாய்வாட்டில் சுண்ணாம்பு வைத்து அடுக்கி, அதற்கு மேல் செங்கல் சல்லி கலந்த காரை போட்டு, கட்டையால் நாள்கணக்கில் தட்டி இறுக்கி, தட்டோடு பதித்து முடிப்பார்கள். உத்திரம் சுவருக்குள் நுழையும் முனைதான் முதலில் கெடும், ஏனெனில் அங்கே காற்று புகாது, மழைநீர் மட்டும் புகும். அந்த முனையில் ஓர் ஆணியை வைத்து அழுத்திப் பாருங்கள். எதிர்த்து நின்றால் தளத்துக்கு ஆயுள் இருக்கிறது. வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கினால் அந்த உத்திரத்தை மாற்றியாக வேண்டும். அதற்காக வீட்டையே இடிக்க வேண்டியதில்லை, முட்டுக் கொடுத்து ஒவ்வொன்றாக மாற்றலாம்.

சுவர் உதிர்கிறது என்று யாராவது சிமெண்ட் பூசச் சொன்னால் கேட்காதீர்கள். பழைய சுவர் தரையிலிருந்து ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். மேலே சுண்ணாம்புப் பூச்சு இருந்தால் அந்த ஈரம் வெளியே ஆவியாகிவிடும். சிமெண்ட் அதை அடைத்துவிடும். ஓதம் மேலே மேலே ஏறி, கடலோர ஊரின் உப்பும் சேர்ந்து, சில ஆண்டுகளில் பூச்சு பாளம் பாளமாகப் பெயரும், கூடவே செங்கல்லும் மாவாகும். சுண்ணாம்பை நீற்றி, புளிக்கவைத்து, கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் சேர்த்து அரைத்துப் பூசத் தெரிந்த கொத்தனார்கள் இன்னும் இருக்கிறார்கள், ஆனால் அவர்களுக்கு வயதாகிக்கொண்டே போகிறது. கூலியும் கூடுதல், நாளும் கூடுதல். செலவு குறையும் என்று நான் பொய் சொல்ல மாட்டேன்.


மிஷன்வீதிக்காரி எழுதுகிறார்:

மேலே எழுதிய இருவரையும் மதிக்கிறேன். ஆயினும் வைசியாள் வீதியைப் பற்றிய புகழ்ச்சியில் ஒரு பகுதியை நான் மறுக்க வேண்டியிருக்கிறது. முகப்பைச் சீர்செய்த திட்டம் தெருவைக் காப்பாற்றியது, வீட்டைக் காப்பாற்றியதா என்பதே என் ஐயம். தாழ்வாரத்தையும் திண்ணையையும் பழையபடி அமைத்துவிட்டு, உள்ளே முற்றத்தைத் தகடு போட்டு மூடி, அறை அறையாகத் தடுத்து வாடகைக்கு விட்ட வீடுகளை இந்த ஊரில் நானே பார்த்திருக்கிறேன். முற்றம் மூடப்பட்டால் வெளிச்சமும் காற்றும் போய்விடும், அதற்குப் பிறகு அந்த வீட்டில் இருப்பவர்களுக்குப் பழைய வீடு என்றாலே வெறுப்பு வரும். குறைந்த வாடகையில் பல ஆண்டுகளாக இருக்கும் குடியிருப்பாளர், வரும் வாடகை ஓட்டுச் செலவுக்குக்கூடப் போதாத உரிமையாளர், இருவரையும் கணக்கில் எடுக்காத எந்தப் புத்துயிர்ப்பும் வண்ணப் பூச்சோடு நின்றுவிடும்.

இன்னொன்று. பழைய வீடுகளைத் தங்கும் விடுதிகளாக மாற்றியதைப் பெரிய வெற்றியாகச் சொல்கிறோம். மாற்றியதால் பல வீடுகள் நிற்கின்றன என்பது மெய்தான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஒரு தெருவில் பாதி வீடுகள் விடுதியானால் மளிகைக் கடை போகும், பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் குறைவார்கள், மார்கழியில் வாசலில் கோலம் போடுவதுகூட விடுதிக்காரர் சம்பளம் கொடுத்து வைத்த ஆள் செய்யும் வேலையாகிவிடும். வாய்க்காலுக்குக் கிழக்கே இது ஏற்கெனவே நடந்து முடிந்திருக்கிறது. வார இறுதியில் அங்கே நடந்து பாருங்கள், உணவகத்துக்கு வரிசையில் நிற்பவர்களே கண்ணில் படுவார்கள், அந்தத் தெருவில் பிறந்து வளர்ந்த ஒருவரைக் காண்பது அரிது.

தெற்கே முஸ்லிம் பகுதியைப் பற்றியும் யாரும் எழுதவில்லை. காஜியார் வீதி, முல்லா வீதிப் பக்கத்து வீடுகளின் மாடி முகப்புகளும் மரத் தடுப்பு வைத்த சன்னல்களும் வேறு ஒரு அழகு. வணிகத்துக்காகக் கடல் கடந்த குடும்பங்களின் வீடுகள் அங்கே உண்டு. மரபு நடை என்ற பெயரில் அழைத்துப் போகிறவர்களில் அந்தப் பக்கம் திரும்புகிறவர்கள் குறைவு.

அரசுக் கட்டடம் என்றால் பாதுகாப்பு என்று ஐயா எழுதியதற்கும் ஒரு திருத்தம் சொல்லலாம். 19-ஆம் நூற்றாண்டில் கட்டிய மேரி கட்டடம் (நகர மன்றம்), கடற்கரைச் சாலையிலேயே, எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, 2014 நவம்பர் மழையில் சரிந்து விழுந்தது. அதற்கு ஒரே உரிமையாளர்தான் இருந்தார், கையெழுத்துப் போடவும் ஆள் இருந்தார். பிறகு உலக வங்கி நிதியில் அதே தோற்றத்தில் மறுபடியும் கட்டி 2021-இல் திறந்தார்கள். பார்க்க நன்றாகவே இருக்கிறது; அதை மீட்பு என்பதா, நகல் என்பதா என்று எனக்கு இன்னும் தெளிவில்லை.


முத்தியால்பேட்டையான் எழுதுகிறார்:

அம்மா சொன்ன மேரி கட்டட உதாரணம் நியாயமானது. ஒரே உரிமையாளர் என்பது வாய்ப்பைத் தருகிறது, அக்கறையைத் தருவதில்லை என்று என் வாதத்தைத் திருத்திக்கொள்கிறேன். ஆனால் விடுதி விஷயத்தில் நான் உடன்படவில்லை. குடியிருக்க ஆளே இல்லாமல் பூட்டிக் கிடக்கும் வீட்டுக்கு முன்னால் உள்ள தேர்வு விடுதியா, இடிப்பா என்பதுதான். விடுதியா, குடும்பமா என்ற தேர்வு அங்கே இருப்பதில்லை. பாரதியார் 1908 முதல் 1918 வரை இவ்வூரில் வாழ்ந்த காலத்தில் குடியிருந்த வீடு, நினைவகமாக ஆனதால் நிற்கிறது. பெருமாள் கோயில் வீதியில் பாவேந்தர் வீடும் அப்படியே. எல்லா வீட்டிலும் ஒரு கவிஞர் பிறக்க முடியாதல்லவா?


பாகூர் செல்வன் எழுதுகிறார்:

அனைவருக்கும் நன்றி. இந்த இழையை அப்படியே குடும்பக் குழுவில் பகிர்ந்தேன். உத்திர முனைகளை ஆணி வைத்துச் சோதித்தோம். முற்றத்தை ஒட்டியவை உறுதியாக இருக்கின்றன, தெருப்பக்கத்து மாடி அறையில் சில கெட்டிருக்கின்றன. இடிக்க வேண்டும் என்று நின்ற பெரியப்பா மகன், பழுது பார்த்து வாடகைக்கு விடலாம் என்றால் தமக்கு மறுப்பில்லை, ஆனால் எதுவானாலும் எழுத்தில் இருக்க வேண்டும் என்கிறார். பிரான்சில் இருக்கும் சித்தப்பா குடும்பம் இதற்காக வர முடியாது. அவர்கள் சம்மதத்தை எப்படி முறையாக வாங்குவது?


பத்திர எழுத்தர் எழுதுகிறார்:

அவர்கள் வர வேண்டிய அவசியமில்லை. இங்குள்ள ஒருவருக்கு அதிகாரப் பத்திரம் எழுதிக் கொடுத்தால் போதும். பழுது பார்க்க, வாடகைக்கு விட, வரி கட்ட என்று எந்தெந்தச் செயலுக்கு அதிகாரம் என்பதைத் தனித்தனியாகக் குறிப்பிடச் சொல்லுங்கள். விற்கும் அதிகாரத்தை அதில் சேர்க்காதீர்கள். நம்பிக்கை இல்லாமற்போவதற்கு அந்த ஒரு வரிதான் பெரும்பாலும் காரணமாகிறது. அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்று பெறலாம், அல்லது அங்கேயே நோட்டரி முன் கையெழுத்திட்டு அப்போஸ்தில் முத்திரை (பிற நாட்டில் ஆவணம் செல்ல அந்நாட்டு அரசு தரும் சான்று) வாங்கலாம், ஏனெனில் இரு நாடுகளும் அதற்கான பன்னாட்டு உடன்படிக்கையில் உள்ளன. பத்திரம் இந்தியாவுக்கு வந்து சேர்ந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை செலுத்திவிட வேண்டும். பலர் இதை மறந்துவிட்டு, பிறகு அபராதம் கட்டுகிறார்கள்.

பங்காளிகளுக்குள் தனியாக ஓர் உடன்பாட்டுப் பத்திரம் எழுதிக்கொள்ளுங்கள். பழுதுச் செலவை யார் எந்த விகிதத்தில் போடுகிறார், போட்டவருக்கு வாடகையிலிருந்து முதலில் திரும்பக் கிடைக்குமா, ஒருவர் தம் பங்கை விற்க விரும்பினால் மற்ற பங்காளிகளிடம் முதலில் கேட்க வேண்டுமா என்ற மூன்றுக்கும் அதில் தெளிவான விடை இருக்க வேண்டும். பாகப்பிரிவினை செய்வதாக இருந்தால், வீட்டை நடுவே சுவர் வைத்துப் பிரிக்காமல் பிரிபடாத பங்காகவே ஒவ்வொருவருக்கும் எழுதச் சொல்லுங்கள். முற்றத்தின் குறுக்கே சுவர் எழுந்த வீட்டைப் பிறகு எந்த நிதியைக் கொண்டும் பழைய நிலைக்குக் கொண்டுவர முடியாது.


காரைச்சாந்து எழுதுகிறார்:

பத்திரம் முடிய மாதக்கணக்கில் ஆகும், தம்பி; வடகிழக்குப் பருவமழை அதற்காகக் காத்திருக்காது. கெட்ட உத்திரங்களுக்கு அடியில் சவுக்குக் கம்பு கொடுத்து முட்டு நிறுத்துங்கள், மேலே தார்ப்பாய் கட்டுங்கள், தளத்து மழைநீர்க் குழாய்களில் வேர்விட்டிருக்கும் அரசங்கன்றை வேரோடு எடுங்கள். இதற்கு எல்லாப் பங்காளிகளின் கையெழுத்தும் தேவையில்லை. நிலைக்கதவையும் தாழ்வாரத் தூண்களையும் விலைக்குக் கேட்டுப் பழைய மரச்சாமான் வியாபாரிகள் வருவார்கள், நல்ல விலையும் சொல்வார்கள். தூண்களை மட்டும் விற்றுவிடாதீர்கள், அந்தச் சுற்றளவில் இன்று தேக்கு வாங்கப் போனால் மொத்தப் பழுதுச் செலவில் பெரும்பகுதி அதற்கே போய்விடும்.